கொரோனாவாலா, கொரோனாவோடா?
மரணங்களை எண்ணுவதில் எழுந்த பிணக்கு

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்துவடிவம்)



விழாக்குழுவினர் என்னிடம் முதலில் கேட்டது நாற்பது வயதுக்குப் பிந்திய பெண்களின் ஆரோக்கியம் பற்றிய ஒரு பேச்சு. அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். ஆகவே வேறொன்றைப் பேச அனுமதி கேட்டேன். கொரோனாக் காலத்தில் இறந்தவர்களை எப்படி எண்ணினோம், அந்த எண்ணிக்கையில் ஏன் இத்தனை பிணக்கு என்பதுதான் அது. நூற்றாண்டு விழாவில் செத்தவீட்டுக் கதையா என்று ஓர் ஆசிரியை தொலைபேசியில் கேட்டார். "மலரின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள், ரீச்சர்" என்றேன். எம்மைவிட்டுப் பிரிந்தோர் பட்டியலில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் ஒரு முழுப் பக்கத்தை எடுத்திருக்கின்றன. பெயர்களுக்கு எதிரே காரணம் போடவில்லை. போடுவதென்றால் எதைப் போடுவது என்பதில் குழுவுக்குள்ளேயே ஒத்த கருத்து வரவில்லை என்று அறிந்தேன்.

எட்டாம் வகுப்பில் மூன்றாம் வேற்றுமையை மனனம் செய்தது உங்களுக்கும் நினைவிருக்கும். ஆல், ஆன், ஒடு, ஓடு. 'ஆல்' கருவியையும் கருத்தாவையும் காட்டும். 'ஓடு' உடனிகழ்ச்சியைக் காட்டும். வாளால் வெட்டினான், தாயோடு வந்தாள். பெருந்தொற்றுக் காலம் முழுவதும் நிபுணர்களும் அமைச்சர்களும் ஊடகங்களும் அடிபட்டது இந்த இரண்டு உருபுகளுக்கு இடையில்தான். ஒருவர் கொரோனாவால் இறந்தாரா, கொரோனாவோடு இறந்தாரா? இரண்டும் ஒரே வேற்றுமைக்குள் அடங்கும் என்கிறது இலக்கணம். நோயாளியின் கட்டிலருகே நின்று படிவத்தை நிரப்பும்போது, இலக்கணகாரர் ஏன் இரண்டையும் ஒன்றாக வைத்தார் என்று எனக்குச் சில வேளைகளில் விளங்கியிருக்கிறது.

மரணத்துக்கான காரணத்தை வைத்தியர் எழுதும் படிவம் உலகின் பெரும்பாலான நாடுகளில் ஏறக்குறைய ஒரே அமைப்புடையது. அதில் இரண்டு பகுதிகள். முதற்பகுதியின் மேல் வரியில் உடனடிக் காரணத்தை எழுத வேண்டும். அதை உண்டாக்கியது எது என்பது அதற்குக் கீழ் வரியில். அதையும் உண்டாக்கியது எது என்பது அதற்கும் கீழே. ஆகக் கீழே வந்து நிற்பதுதான் அடிப்படைக் காரணம். மரணத்தை ஒரு நோயின் கணக்கில் சேர்க்கும்போது பொதுவாக அந்த ஒன்றையே எடுப்பார்கள். இரண்டாம் பகுதி, அந்தச் சங்கிலியில் நேராகச் சேராமல், ஆனால் மரணத்துக்குத் துணைபோன நோய்களுக்கு உரியது.

ஓர் உதாரணத்தைக் கற்பனையாகச் சொல்கிறேன். 68 வயது ஐயா ஒருவர். இருபது வருடச் சலரோகம், பிரஷர், சிறுநீரகமும் கொஞ்சம் பழுது. ஆனாலும் சைக்கிளில் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வருபவர். காய்ச்சல், இருமல், ஐந்தாம் நாள் மூச்சுத் திணறல், பீ.சி.ஆர். பொசிற்றிவ், ஒன்பதாம் நாள் மரணம். மேல் வரியில் சுவாசச் செயலிழப்பு, அடுத்த வரியில் நியுமோனியா, ஆகக் கீழே கொவிட்-19. சலரோகம், பிரஷர், சிறுநீரக நோய் மூன்றும் இரண்டாம் பகுதிக்குப் போகும். வீட்டிலோ "அவருக்கு முதலே சுகர் இருந்ததுதானே, கொரோனா என்று சும்மா எழுதிவிட்டார்கள்" என்பார்கள்.

எங்கள் வளவுகளில் நிற்கும் முருங்கையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே உழுத்த மரம்தான். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது அப்படி எத்தனையோ மரங்கள் விழுந்தன. உழுத்த மரம் என்பதால் விழுத்தியது காற்றில்லை என்று யாரும் சொன்னதில்லை. காற்று அடித்திராவிட்டால் அது இன்னும் நாலு வருடம் காய்த்திருக்கும். அந்த நாலு வருடம்தான் இங்கே பேச்சு. 2020 ஓகஸ்டில் அமெரிக்க மரணச் சான்றிதழ்களில் 6 வீதமானவற்றில்தான் கொவிட் தனியாக இருக்கிறது என்ற செய்தி பரவியபோது, மிகுதி 94 வீதமும் பொய்க்கணக்கு என்று எங்கள் பழைய மாணவிகள் வட்ஸ்அப் குழுவிலும் ஒரு செய்தி சுற்றியது. மற்றச் சான்றிதழ்களில் இருந்தவை நியுமோனியா போன்ற கொவிட்டின் விளைவுகளும், பிரஷர் போன்ற பழைய நோய்களும்தான். ஒரு வரி மட்டும் எழுதிய சான்றிதழ் பெரும்பாலும் அவசரத்தில் எழுதியதாக இருக்கும்.

இவ்வளவும் இலகுவான பகுதி. சந்தேகம் வரும் இடங்கள் வேறு. மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து, பரிசோதனையில் தொற்று இருந்ததாகத் தெரியவருபவரைச் சேர்க்கக் கூடாது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. தொற்று வந்து மூன்றாம் கிழமையில் பாரிசவாதம் வந்தவர்? கொரோனா இரத்தத்தைக் கட்டிபடச் செய்யும் என்பதால் சேர்க்கலாம். அவருக்கு அது எப்படியும் வந்திருக்கும் என்றும் வாதிடலாம். புற்றுநோயின் இறுதிக்கட்டத்தில் இருந்தவருக்குக் கடைசிக் கிழமையில் தொற்றியிருந்தால்? இரண்டு நல்ல வைத்தியர்கள் இரண்டு விதமாக எழுதக்கூடும். உலக சுகாதார ஸ்தாபனம் 2020 ஏப்ரலில் ஒரு விதியைத் தந்தது. கொவிட்டுக்கு ஒத்த நோய்க்குறிகளோடு ஒருவர் இறந்தால், விபத்தைப் போல அதனோடு தொடர்பே இல்லாத தெளிவான வேறு காரணம் இருந்தாலொழிய, அதைக் கொவிட் மரணமாகவே கொள்ள வேண்டும். இடையில் அவர் பூரணமாகக் குணமடைந்திருக்கக் கூடாது. பரிசோதனை செய்யாதவர்களுக்கும் இடம் வைத்து, வைரஸ் உறுதிப்பட்ட மரணத்துக்கு ஒரு குறியீடும், உறுதிப்படாமல் நோய்க்குறியால் அறிந்த மரணத்துக்கு இன்னொரு குறியீடும் கொடுத்தார்கள். என் அபிப்பிராயத்தில் நல்ல விதி. ஆனால் நாடுகள் தத்தம் வசதிக்கேற்ப அதை வளைத்தன.

லண்டன் கிளை அக்காமாருக்கு இது நன்றாகத் தெரியும். இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை முதலில், ஒருமுறை பொசிற்றிவ் வந்தவர் பின்னர் எப்போது எதனால் இறந்தாலும் கொவிட் கணக்கில் சேர்த்தது. அந்த முறைப்படி இங்கிலாந்தில் யாருமே கொரோனாவிலிருந்து தப்ப முடியாது என்று இரண்டு பேராசிரியர்கள், யூன் லோக்கும் கார்ல் ஹெனகனும், 2020 ஜூலையில் எழுதினார்கள். மார்ச்சில் தொற்றிக் குணமாகி ஜூலையில் பஸ்ஸில் அடிபட்டவரும் அந்தக் கணக்கில் வருவார். அமைச்சர் மீளாய்வுக்கு உத்தரவிட்டார். ஓகஸ்ட் 12ஆம் திகதி, பரிசோதனை செய்து 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் மட்டும் என்று தினசரிக் கணக்கு மாறியது. பிரித்தானியாவின் மொத்த எண்ணிக்கை 46,706இலிருந்து 41,329 ஆகக் குறைந்தது. ஒரே நாளில் 5,377 பேர் கணக்கிலிருந்து போனார்கள். அவர்களில் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. புதிய முறையிலும் ஓட்டை உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் 35 நாட்கள் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து இறந்தவர் அதில் இல்லை. அதே நேரத்தில் தேசியப் புள்ளிவிபர அலுவலகம் மரணச் சான்றிதழ்களைப் படித்து வேறொரு கணக்கை, இதைவிடப் பெரிய கணக்கை, வெளியிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு இலக்கங்களைக் கண்டதும் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று மக்கள் நினைத்தார்கள். தொலைக்காட்சிக்கு அன்றாடம் ஒரு விரைவான எண் தேவை. சான்றிதழ் கிழமைகள் கழித்தே வந்து சேரும். இரண்டும் இரண்டு வேலைக்கான அளவைகள்.

நேர்மையாக எண்ணியதற்குப் பழி வாங்கிய நாடும் உண்டு. பெல்ஜியம் முதியோர் இல்லங்களில் பரிசோதனையின்றி இறந்தவர்களையும் சந்தேகத்தின்பேரில் சேர்த்தது. 2020 வசந்த காலத்தில் சனத்தொகை விகிதப்படி உலகிலேயே மோசமான நாடுகளில் ஒன்றாகத் தெரிந்தது. மறுபக்கம் பெரு. பரிசோதனை வசதியில்லாமல் இறந்தவர்களையும் சேர்க்க விதியைத் திருத்தியதும், 2021 மே இறுதியில் ஏறக்குறைய 69,000 ஆக இருந்த அதன் எண்ணிக்கை 1,80,000ஐத் தாண்டியது.

இனி எங்கள் நாட்டுக்கு வருகிறேன். இங்கே 'ஆலா, ஓடா' என்பது புள்ளிவிபர வாதமாக இருக்கவில்லை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வந்த வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவரின் உடலைக் கட்டாயம் தகனம் செய்ய வேண்டும் என்றது. நிலத்தடி நீர் மாசுபடும் என்பது சொல்லப்பட்ட காரணம். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் முன்னரே சொல்லியிருந்தது. வைத்தியர் எழுதும் அந்த ஒரு சொல்லில், ஒரு முஸ்லிம் குடும்பத்தின் ஜனாஸா அடக்கமாவதும் எரிவதும் தங்கியிருந்தது. 2020 டிசம்பரில் பிறந்து 20 நாட்களேயான ஒரு குழந்தை எரிக்கப்பட்டபோது, பொரளை மயான வாயிலில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். பல குடும்பங்கள் உடலைப் பொறுப்பேற்க மறுத்தன. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்த விதி தளர்ந்தது. மார்ச் முதல் ஓராண்டுக்கு மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டார்கள். கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில்.

தகனம் எங்கள் வழக்கம்தானே, எங்களுக்கு என்ன என்று சில சைவக் குடும்பங்கள் அப்போது சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பிறகு அவர்கள் வீட்டிலும் மரணம் வந்தது. மூடி முத்திரையிட்ட பெட்டி. வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வாய்க்கரிசி இல்லை, பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள் இல்லை. வீடும் தெருவும் தனிமைப்படுத்தலில். அதன் பின்னர், "டொக்டர், நெஞ்சு வருத்தம் என்று எழுத ஏலாதா?" என்று கேட்காத குடும்பம் குறைவு. என்னிடம் கேட்டவர்களில் வழக்கறிஞரும் உண்டு, தோட்டக்காரரும் உண்டு. அவர்கள் உண்மையை மறைக்கக் கேட்கவில்லை. தங்கள் அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கேட்டார்கள். எழுதிக் கொடுக்க என்னால் முடியவில்லை. காய்ச்சலோடு வைத்தியசாலைக்கு வரப் பயந்து, வீட்டிலேயே மல்லித்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்து, உதடு நீலித்த பிறகு வந்தவர்களையும் கண்டேன். வைரஸுக்குப் பயந்ததைவிட அந்தச் சொல்லுக்கு அவர்கள் கூடுதலாகப் பயந்தார்கள்.

இந்தியாவில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. அங்கே உயர் நீதிமன்றத்துக்கும் மேலான உச்ச நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து, கொவிட்டால் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 50,000 ரூபா கொடுப்பதென்று 2021 ஒக்டோபரில் முடிவானது. பரிசோதனை செய்து 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் பொதுவாக உள்ளடங்கினர். இப்போது குடும்பங்கள் அந்தச் சொல்லைக் கேட்டு வரிசையில் நின்றன. குஜராத் அரசின் பட்டியலில் இருந்தது ஏறக்குறைய 10,000 மரணங்கள். 2022 ஜனவரியில் நீதிமன்றத்துக்குக் கொடுத்த விபரப்படி அங்கே ஏற்றுக்கொண்ட விண்ணப்பங்கள் 68,000க்கு மேல். இவற்றில் பொய் விண்ணப்பமும் சில இருந்திருக்கலாம். ஆனாலும் அத்தனை ஆயிரம் மரணங்கள் முதற் கணக்கில் எங்கே போயின என்ற கேள்வி நிற்கிறது. ஒரு சொல்லுக்குத் தண்டனையை வைத்தால் எண்ணிக்கை ஒளிக்கும். பணத்தை வைத்தால் வெளியே வரும். வைத்தியர் எவ்வளவு கவனமாக எழுதினாலும் இந்த இழுவையிலிருந்து கணக்கு தப்பாது. இறந்தவரின் உடலை என்ன செய்வது என்ற விதியை, காரணத்தை எழுதும் படிவத்திலிருந்து முழுதாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். அடுத்த பெருந்தொற்றுக்கு முன் சுகாதார அமைச்சு ஒன்றே ஒன்றைத் திருத்துவதென்றால் இதைத் திருத்தலாம்.

காரணம் எழுதுவதில் இவ்வளவு சிக்கல் இருப்பதால், காரணத்தையே கேட்காமல் எண்ணும் ஒரு முறை உண்டு. வழமையாக ஓராண்டில் எத்தனை பேர் இறப்பார்கள் என்று முந்தைய ஆண்டுகளை வைத்துக் கணித்து, உண்மையில் இறந்தோரின் தொகையிலிருந்து அதைக் கழிப்பது. மிஞ்சுவது மிகை மரணம். இரத்தச் சுத்திகரிப்புக்குப் போக ஊரடங்கில் வாகனம் கிடைக்காமல் இறந்தவரும் இதில் வருவார். எந்தச் சான்றிதழிலும் அவர் கொவிட் மரணம் அல்ல. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகில் இப்படி 1 கோடி 49 இலட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022 மே மாதத்தில் மதிப்பிட்டது. நாடுகள் அறிவித்திருந்தது ஏறக்குறைய 54 இலட்சம். இந்தியாவுக்கு மட்டும் 47 இலட்சம் என்றார்கள். இந்திய அரசின் கணக்கு 5 இலட்சத்துக்குக் கீழ். தங்களிடம் மரணப் பதிவு இருக்க, மாதிரிக் கணிதத்தால் மதிப்பிட்டது தவறு என்று இந்தியா மறுத்தது. சரியான எண் 47 இலட்சமா, 30 இலட்சமா என்று ஆய்வாளர்கள் வாதாடலாம். 5 இலட்சத்தை நம்புவது எனக்குக் கடினம்.

இலங்கையைப் பார்த்தால் ஒரு வியப்பு இருக்கிறது. 2020இல் இங்கே பதிவான மொத்த மரணங்கள் 2019ஐவிடக் குறைவு. ஊரடங்கில் வீதி விபத்துகள் குறைந்தன, முகக்கவசத்தால் வேறு சுவாசத் தொற்றுகளும் குறைந்தன. பதிவாளர் அலுவலகங்கள் பூட்டியிருந்ததால் பதிவுகள் சில பிந்தியும் இருக்கும். "பார்த்தீர்களா, கொரோனா என்று ஒன்றும் இல்லை" என்று இதைக் காட்டுபவர்கள் 2021ஐப் பார்ப்பதில்லை. டெல்ரா வகை பரவிய அந்த ஓகஸ்ட் மாத இறுதியில் நாளொன்றுக்கு 200க்கு மேற்பட்ட மரணங்கள் அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டின் மொத்தப் பதிவும் உயர்ந்தது. இதுவரை அறிவிக்கப்பட்ட கொவிட் மரணங்கள் 16,800க்கு மேல். மிகைப்படுத்தினார்கள் என்பவர்களுக்கும் மறைத்தார்கள் என்பவர்களுக்கும் அங்குமிங்கும் ஆதாரம் கிடைக்கும். உலகம் முழுவதையும் எடுத்தால் விடுபட்டவர்களே மிக அதிகம்.

எண்ணப்படாத மரணங்கள் பற்றி இந்த மண்ணில் வேறொரு பேச்சும் உண்டு. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று சொன்னபோது வேண்டாம் என்று திருப்பிய தாய்மாரை நாங்கள் அறிவோம். அது இன்றைய தலைப்பன்று. அந்தத் தாள் வெறும் தாளில்லை என்பது இங்கே யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இந்தத் தலைப்பை அறிவித்ததும் வெளிநாட்டிலுள்ள ஓர் அக்கா எனக்கு மின்னஞ்சல் எழுதினார். அவருடைய அம்மா 2021 செப்டெம்பரில் கொரோனா வந்து வைத்தியசாலையில் இருந்து, வீடு திரும்பி, ஏழு கிழமை கழித்து ஊரில் வீட்டிலேயே இறந்தார். விமானம் கிடைத்து அக்கா வந்து சேர்ந்தது எட்டுச்செலவுக்கு. சான்றிதழில் "இருதய நோய்" என்று மட்டும் இருக்கிறது. அம்மா கொரோனாவால் இறந்தவரா, இல்லையா? 28 நாள் விதிப்படி இல்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதிப்படி, இடையில் பூரணமாகச் சுகமானாரா என்பதில் தங்கியிருக்கிறது. சுகமாகவில்லை என்கிறார் அக்கா. கிணற்றடிக்குப் போய்வரவே மூச்சு வாங்கியதாம், கால் வீங்கியிருந்ததாம். நான் எழுதியிருந்தால் அடிப்படைக் காரணமாக இருதய நோயையும், இரண்டாம் பகுதியில் கொவிட்டையும் எழுதியிருப்பேன் என்று பதில் அனுப்பினேன். இன்னொரு வைத்தியர் கொவிட்டை முதற்பகுதியிலேயே போட்டிருக்கலாம். அவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். நாங்கள் எழுதும் எதுவும் அந்தச் செத்தவீட்டுக்கு அக்காவைக் கொண்டுவந்து சேர்க்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் கேட்டது ஒரு நேரான கேள்வி. நேராகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தேன்.

அந்தச் சான்றிதழில் ஏன் அவ்வளவு சுருக்கம் என்றால், அதை வைத்தியர் எழுதவில்லை. எங்கள் நாட்டில் வீட்டில் நிகழும் இயற்கை மரணத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் அறிக்கையையும் உறவினர் சொல்வதையும் வைத்துப் பதிவாளரே காரணத்தைப் பதிவார். திடீர் மரணமென்றால் மரண விசாரணை அதிகாரி வருவார். வீட்டார் "நெஞ்சு வருத்தம்" என்றால் நெஞ்சு வருத்தம், "வயது போய்விட்டது" என்றால் முதுமை. பதிவாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் முன்னால் வேறு என்ன இருக்கிறது? கொரோனாக் காலத்துக்கு மட்டுமல்ல, சலரோகத்துக்கும் சிறுநீரக நோய்க்கும் இந்த மாவட்டத்தின் கணக்கு இப்படித்தான் ஓடுகிறது. அந்தக் கணக்கை வைத்துத்தான் எங்கே புதிய சிகிச்சைப் பிரிவு, எத்தனை இயந்திரம் என்று தீர்மானிக்கிறார்கள்.

இங்கிருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு வயதான பெற்றோர் அல்லது மாமா மாமி இருக்கிறார்கள். பலர் ஊரில் தனியாக இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். என்ன நோய், என்ன மருந்து, எப்போது விடுதியில் இருந்தார் என்று எல்லாம் அதில் உண்டு. வீட்டில் மரணம் நேர்ந்தால், கிராம உத்தியோகத்தரிடம் போகிறவரின் கையில் அந்தக் கொப்பியையும், வைத்தியசாலை தந்த நோய்விபரத் துண்டையும் கொடுத்து விடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இப்போதே அதன் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வைத்திருங்கள். அந்தியேட்டிக்கு வீடு துப்புரவாக்கும்போது மருந்துப் பைகளோடு முதலில் குப்பைக்குப் போவது அந்தக் கொப்பிதான்.